வேலைக்காகப் பறக்கத் தொடங்கிவிட்டீர்களா? எந்த ஏர்லைனில் மைல் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

பதவி உயர்வோடு ஒரு ட்ராலி பெட்டியும் கைக்கு வந்துவிட்டது. மாதம் இரண்டு தடவை மும்பை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிங்கப்பூர், எப்போதாவது ஃபிராங்க்ஃபர்ட். இரண்டாவது பயணத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார், "நீங்க எதுல சேர்த்துட்டு வர்றீங்க?" சீட்டுக் கம்பெனியைக் கேட்கிறாரோ என்று குழம்ப வேண்டாம். மைலைத்தான் கேட்கிறார். பறக்கப் பறக்க ஏர்லைன் உங்கள் கணக்கில் போடும் புள்ளி அது, போதுமான அளவு சேர்ந்தால் டிக்கெட்டாக மாற்றலாம்.

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: எந்த விமானத்தில் ஏறுகிறார்களோ அதன் திட்டத்தில் சேர்வார்கள், அடுத்த முறை வேறு விமானம், வேறு திட்டம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று வருடத்தில் ஐந்து கணக்கு, ஐந்து பாஸ்வேர்டு. ஒன்றில்கூட ஒரு டிக்கெட் எடுக்கும் அளவுக்கு மைல் இல்லை. அந்த மூன்று வருடமும் ஒரே இடத்தில் சேர்த்திருந்தால் அப்பா அம்மாவை ஒரு முறை சிங்கப்பூர் கூட்டிப் போயிருக்கலாம்.

சென்னையிலிருந்து புறப்படுகிறவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எந்த ஊரிலிருந்து ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஒரே பெயரில் இரண்டு கணக்கு

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாளிலேயே யுனைடெட்டும் அதே போல ஒன்றை அறிவித்தது. அன்றைக்கு யோசனை எளிமையானது: எங்களோடு எவ்வளவு தூரம் பறந்தீர்களோ, அதற்கேற்ப ஓர் இலவச டிக்கெட். இன்று அதற்குள் இரண்டு தனித்தனிக் கணக்குகள் ஓடுகின்றன. புதிதாகச் சேர்கிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

ஒன்று, செலவழிக்கும் மைல். டிக்கெட் எடுக்கலாம், அப்கிரேடு (மேல் வகுப்புக்கு மாறுவது) கேட்கலாம். கிரெடிட் கார்டு, ஹோட்டல் என்று பல வழிகளில் சேரும். இன்னொன்று, தகுதி மைல். சில இடங்களில் இதற்கு டியர் பாயிண்ட் என்று பெயர், சில இடங்களில் எலைட் மைல். இதைச் செலவழிக்க முடியாது. ஒரு வருடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்து உங்களுக்கு வெள்ளி, தங்கம் என்று பட்டம் தருவார்கள், அவ்வளவுதான். இது பெரும்பாலும் பறந்தால்தான் சேரும்.

"என்கிட்ட அறுபதாயிரம் மைல் இருக்கு, ஏன் லவுஞ்சுல விட மாட்டேங்கறாங்க?" என்று நண்பர் ஒருவர் விமான நிலையத்திலிருந்து எனக்கு போன் செய்தார். லவுஞ்ச் என்பது விமானத்துக்குக் காத்திருக்கும் தனி ஓய்வறை, அதன் கதவைத் திறப்பது தகுதி மைல் தரும் பட்டம். அவருடைய அறுபதாயிரமும் கார்டில் சேர்ந்தது. அவர் அந்த ஏர்லைனில் பறந்ததோ இரண்டே தடவை.

படி 1: வரப்போகும் பன்னிரண்டு மாதத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

எந்தத் திட்டம் நல்லது என்று தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எந்த ஊர், எத்தனை தடவை, எந்த வகுப்பு. போன வருடம் உங்கள் இடத்தில் இருந்தவர் எங்கெல்லாம் போனார் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ஆசைப்படும் பயணங்களை எழுத வேண்டாம். "அடுத்த வருஷம் அமெரிக்கா அனுப்பறேன்" என்று மேலாளர் சொன்னதையும் எழுத வேண்டாம்.

படி 2: டிக்கெட் போடுவது யார்?

டிராவல் டெஸ்கில் இருப்பவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஏர்லைனை நான் தேர்ந்தெடுக்கலாமா, இல்லை எது மலிவோ அதுதானா? நம் கம்பெனிக்கு எந்த ஏர்லைனோடாவது ஒப்பந்தம் இருக்கிறதா? பறந்து சேரும் மைல் எனக்கா, ஆபீசுக்கா?

பல இடங்களில் "மைல் உங்களுக்கே" என்பார்கள். சில ஆபீஸ்களில் அந்த மைலை அடுத்த வேலைப் பயணத்துக்கே பயன்படுத்தச் சொல்வார்கள். எதுவானாலும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஹைஃபிளையர், எமிரேட்ஸின் பிசினஸ் ரிவார்ட்ஸ் போன்றவை கம்பெனியின் பெயரில் சேரும் தனித் திட்டங்கள். அவற்றில் கம்பெனிக்கும் பாயிண்ட் சேரும், உங்கள் சொந்தக் கணக்கிலும் மைல் சேரும். சின்னக் கம்பெனி என்றால் முதலாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நல்ல பெயர் கிடைக்கும்.

எது மலிவோ அதைத்தான் டெஸ்க் போடும் என்றால் பட்டத்தைப் பற்றிய கனவை இப்போதே குறைத்துக்கொள்ளலாம். படி 4-இல் சொல்லும் கணக்கு உங்களுக்கு வேறு மாதிரி முடியும்.

படி 3: கூட்டணி பாருங்கள்

நம் ஊரில் கூட்டணி தேர்தலுக்குத் தேர்தல் மாறும். விமானக் கூட்டணிகள் ஓரளவு நிலையானவை. மூன்று இருக்கின்றன: 1997-இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ், 1999-இல் ஒன்வேர்ல்டு, 2000-இல் ஸ்கைடீம். ஒரு கூட்டணிக்குள் எந்த விமானத்தில் பறந்தாலும், அதே கூட்டணியில் நீங்கள் சேர்ந்திருக்கும் ஒரே திட்டத்தில் மைலைப் போட்டுக்கொள்ளலாம். லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் போய், மைலை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் கணக்கில் சேர்க்கலாம். இது தெரியாமல் ஏர்லைனுக்கு ஒரு கணக்கு திறப்பதால்தான் ஐந்து பாஸ்வேர்டு வருகிறது. ஒரு பயணத்துக்கு ஒரு திட்டத்தில்தான் மைல் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இரண்டிலும் கேட்க முடியாது.

சென்னையிலிருந்து பார்த்தால் ஸ்டார் அலையன்ஸ் பக்கம் ஏர் இந்தியா (2014-இல் சேர்ந்தது), சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ், லுஃப்தான்சா. ஒன்வேர்ல்டு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், கேத்தே பசிஃபிக், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன். ஸ்கைடீமால் நமக்கு அதிகப் பயன் இல்லை என்பது என் கருத்து. எமிரேட்ஸும் எதிஹாடும் இந்த மூன்றிலும் இல்லை, தனித்தே நிற்கின்றன. துபாய்க்கே மாதாமாதம் போகிறவருக்குக் கூட்டணி எதற்கு? எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் ஒன்றே போதும்.

கோவை, திருச்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்கு ஸ்கூட் வருகிறது. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவுவிலைப் பிரிவு, அதில் பறந்தாலும் கிரிஸ்ஃபிளையரில் கொஞ்சம் சேரும். மதுரை, திருச்சியிலிருந்து கொழும்பு வழியாகப் போகிறவர்கள் ஸ்ரீலங்கன் மூலம் ஒன்வேர்ல்டுக்குள் வந்துவிடுகிறீர்கள்.

இனி உள்நாடு. இந்தியாவுக்குள் பறக்கும் பயணிகளில் பாதிக்கும் மேலானோரைச் சுமப்பது இண்டிகோ. அது எந்தக் கூட்டணியிலும் இல்லை. பல வருடம் மைல் திட்டமே இல்லாமல் ஓட்டிவிட்டு, 2024-இல்தான் புளூசிப் என்ற ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஏர் இந்தியாவின் பழைய ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ் இப்போது மகாராஜா கிளப். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது கிளப் விஸ்தாராக்காரர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். மகாராஜா கிளப்பில் பாயிண்ட் என்பது தூரத்துக்கு இல்லை, டிக்கெட்டுக்குக் கொடுத்த ரூபாய்க்கு. அதிலும் வரி போக மீதிக்குத்தான்.

படி 4: இப்போது கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். வருடத்தில் சிங்கப்பூர் நான்கு முறை, எகானமி. ஃபிராங்க்ஃபர்ட் இரண்டு முறை, நீண்ட பயணம் என்பதால் பிசினஸ் வகுப்பு. மும்பை, டெல்லி இருபத்திநான்கு முறை, எல்லாம் இண்டிகோ.

சென்னை – சிங்கப்பூர் ஒரு வழி சுமார் 1,800 மைல். போய்வர 3,600. ஆனால் ஆபீஸ் எடுப்பது மலிவான எகானமி டிக்கெட், அதற்குத் தூரத்தில் பாதிதான் கணக்கில் ஏறும். ஆக ஒரு பயணத்துக்கு 1,800, நான்குக்கு 7,200. ஃபிராங்க்ஃபர்ட் ஒரு வழி சுமார் 4,700 மைல், போய்வர 9,400. பிசினஸ் வகுப்பில் முழுத் தூரமும் சேர்வதாக வைத்துக்கொண்டால் இரண்டு பயணத்துக்கு 18,800. மொத்தம் 26,000.

கிரிஸ்ஃபிளையரில் வெள்ளிக்கு 25,000 எலைட் மைல், தங்கத்துக்கு 50,000. வருடம் முழுக்க அலைந்து வெள்ளியைத் தொட்டுவிட்டார். இருபத்திநான்கு உள்நாட்டுப் பயணத்துக்கு இங்கே பூஜ்யம், ஏனென்றால் அவை வேறு வீட்டில் இருக்கின்றன. இதே ஃபிராங்க்ஃபர்ட்டை ஆபீஸ் எகானமியில் அனுப்பியிருந்தால் வெள்ளிகூடக் கிடைத்திருக்காது.

டிக்கெட்டில் வகுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எகானமி என்ற ஒரே வகுப்புக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு விலை. இந்த எழுத்தைப் பார்த்துத்தான் எத்தனை சதவீதம் மைல் என்று முடிவு செய்கிறார்கள். மிக மலிவான சில எழுத்துகளுக்குக் கூட்டணித் திட்டத்தில் ஒன்றுமே கிடைக்காது. பழைய டிக்கெட் இரண்டை மின்னஞ்சலில் தேடி எடுங்கள். அந்த எழுத்தை, நீங்கள் சேர நினைக்கும் திட்டத்தின் தளத்தில் உள்ள பட்டியலில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பிற்பாடு புலம்ப வேண்டியிருக்காது.

வெள்ளியை நம்பாதீர்கள், ஆனால் பெயரைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள்

ஸ்டார் அலையன்ஸ் முழுவதற்கும் பொதுவாக இரண்டே தட்டு, வெள்ளி, தங்கம். வெள்ளிக்குக் காத்திருப்போர் பட்டியலில் கொஞ்சம் முன்னுரிமை கிடைக்கும், வேறு பெரிதாக இல்லை. தங்கம் வந்தால் கதையே வேறு. எகானமி டிக்கெட்டிலும் லவுஞ்ச், தனி செக்-இன் வரிசை, முதலில் ஏறலாம், பெட்டி முதலில் வரும், எடைக் கணக்கில் 20 கிலோ கூடுதல்.

அந்த 20 கிலோவின் அருமை நம்மவர்களுக்குத்தான் தெரியும். சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு அம்மா கொடுத்தனுப்பும் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் முறுக்கு டப்பாவும் என்றைக்காவது சொன்ன எடைக்குள் நின்றிருக்கிறதா? கவுன்டருக்கு எதிரில் பெட்டியைத் திறந்து போட்டு, எதைக் கையில் தூக்குவது என்று முழித்த அனுபவம் இருந்தால், லவுஞ்ச் இட்லியைவிட இதுதான் பெரிய சலுகை என்பீர்கள்.

ஒன்வேர்ல்டில் ரூபி, சஃபையர், எமரால்டு என்று மூன்று தட்டு. சஃபையரில்தான் லவுஞ்ச் தொடங்குகிறது. இங்கே ஒரு குழப்பம்: பிரிட்டிஷ் ஏர்வேஸின் வெள்ளி, கூட்டணிக் கணக்கில் சஃபையர். அதற்கு லவுஞ்ச் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வெள்ளிக்கு இல்லை. ஆகவே அந்தப் பட்டம் கூட்டணியில் எந்தத் தட்டுக்குச் சமம் என்று பாருங்கள், உலோகத்தின் பெயர் முக்கியமில்லை.

இந்தப் பட்டம் எதுவும் கூட்டணிக்கு வெளியே செல்லாது. ஸ்டார் தங்க அட்டையை நீட்டினால் இண்டிகோ கவுன்டரில் புன்னகை மட்டும் கிடைக்கும்.

எப்போது தொடங்குகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். கிரிஸ்ஃபிளையர் எந்தப் பன்னிரண்டு மாதத்தையும் எடுத்துக்கொள்ளும். லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் பார்க்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025-இலிருந்து ஏப்ரல் – மார்ச், அதோடு தூரத்தை விட்டுவிட்டு, செலவழித்த பவுண்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. மலிவு டிக்கெட்டில் பறக்கிறவர்களுக்கு இது அடிதான். நவம்பரில் வேலைக்குச் சேர்ந்தவர் ஜனவரிக் கணக்கில் ஓடும் திட்டத்தை எடுத்தால், முதல் இரண்டு மாதத்தின் தகுதி மைல் வீணாகப் போகும்.

சரி, முடிவு எப்படி எடுப்பது? உங்கள் கணக்கு ஸ்டார் தங்கத்தையோ சஃபையரையோ எட்டும் என்றால், அதைத் தரும் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முடிந்த பயணத்தையெல்லாம் அதற்குள் திருப்புங்கள். எட்டாது என்றால் பட்டத்தை மறந்துவிட்டு, எந்த மைலைக் கொண்டு உங்களுக்கு வேண்டிய ஊருக்கு டிக்கெட் எடுக்க முடியுமோ அதைச் சேருங்கள். மேலே சொன்ன பொறியாளர் என்னிடம் கேட்டால் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். வெளிநாட்டுப் பயணம் எல்லாம் கிரிஸ்ஃபிளையர், உள்நாட்டுக்கு இண்டிகோ புளூசிப் எண்ணைக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது. இரண்டு கணக்கு போதும்.

மைல் வங்கி டெபாசிட் இல்லை

காலாவதியில் இரண்டு வகை. கிரிஸ்ஃபிளையரிலும் ஸ்கைவார்ட்ஸிலும் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம், நடுவில் நீங்கள் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைல் பழையதுதான். பிரிட்டிஷ் ஏர்வேஸின் அவியோஸ் (அங்கே மைலுக்கு அதுதான் பெயர்) அப்படி இல்லை. 36 மாதத்துக்குள் ஒரு முறை சேர்த்தாலோ செலவழித்தாலோ மொத்தமும் உயிரோடு இருக்கும். கத்தாரும் 2022 முதல் அவியோஸுக்கு மாறிவிட்டது, இரண்டு கணக்குக்கும் நடுவே மாற்றிக்கொள்ளலாம். எப்போதாவது பறக்கிறவருக்கு இந்த இரண்டாவது வகை நிம்மதி.

ஏர்லைனே போய்விட்டால்? 2012-இல் கிங்ஃபிஷர் நின்றபோது அதன் கிங் கிளப் மைலும் அதோடு போயிற்று. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, ஆனால் அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்தது. ஏர்லைன் நன்றாக ஓடினாலும், நேற்று முப்பதாயிரம் மைலுக்குக் கிடைத்த டிக்கெட் நாளை நாற்பதாயிரம் மைல் ஆகலாம். கேட்க ஆளில்லை. பிள்ளையின் கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைக்கிற பொருள் இல்லை இது.

படி 5: பெயர், இனிஷியல், போர்டிங் பாஸ்

கணக்குத் திறப்பது இரண்டு நிமிடம், இலவசம். அந்த இரண்டு நிமிடத்தில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அந்தக் காலி இடத்தில் டிராவல் ஏஜென்ட் ஒரு முறை நம் பெயரையே திரும்பப் போடுவார், இன்னொரு முறை வேறு எதையாவது போட்டு ஒப்பேற்றுவார்.

நான் விசிட்டிங் கார்டில் இருப்பது போல இனிஷியலோடு கணக்குத் திறந்தேன். டிக்கெட் பாஸ்போர்ட்டில் இருப்பது போல அப்பா பெயரோடு வந்தது. நான்கு பயணம், ஒரு மைல்கூட ஏறவில்லை. எழுதிக் கேட்டேன், போர்டிங் பாஸ் அனுப்பச் சொன்னார்கள். லேப்டாப் பையின் பக்க அறையில் வைத்திருந்ததை எடுத்தால், இரண்டு தாள் வெள்ளையாக இருந்தது. அந்தத் தாளில் மை இல்லை, சூட்டில் பதியும் எழுத்து. சென்னை வெயிலில் காருக்குள் கிடந்தால் சில வாரத்தில் வெளுத்துவிடும். மற்ற இரண்டும் வெளிறியிருந்தாலும் டிக்கெட் எண் தெரிந்ததால் பிழைத்தன.

ஆகவே, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் எழுத்துகளை அப்படியே போட்டுக் கணக்குத் திறங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் என்றால், டிக்கெட்டில் அதை எப்படிப் போடுவார்கள் என்று அந்த ஏர்லைனிடம் கேட்டு, கணக்கிலும் அப்படியே வையுங்கள். உறுப்பினர் எண்ணை டிராவல் டெஸ்கின் கோப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அப்புறம், செக்-இன் செய்யும்போது போர்டிங் பாஸில் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், அங்கேயே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் முடிந்து இரண்டு வாரத்தில் மைல் ஏறவில்லை என்றால் விண்ணப்பியுங்கள். இதற்குக் கெடு உண்டு, பல திட்டங்களில் ஆறு மாதம்.

கார்டு

எந்தக் கார்டு என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும்: ஒரே ஏர்லைனின் பெயர் போட்ட கார்டைவிட, பாயிண்ட்டைப் பல ஏர்லைன்களுக்கு மாற்ற விடும் வங்கிக் கார்டு புதியவருக்கு நல்லது. தேவைப்படும் நாளில் மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பாயிண்ட் திரும்ப வராது, மாற்றிய அன்றே காலாவதிக் கடிகாரமும் ஓடத் தொடங்கும். மைலுக்காக வட்டி கட்டுகிற நிலை வந்தால் கார்டை அலமாரியில் பூட்டிவிடுங்கள்.

படி 6: செலவழிக்கும்போது

இலவச டிக்கெட் என்பது முழு இலவசம் இல்லை. விமான நிலைய வரி கையிலிருந்து போகும். சில ஏர்லைன்கள் அதற்கு மேல் எரிபொருள் கட்டணம் என்று ஒன்றைச் சேர்க்கும், லண்டன் பக்கம் போனால் இது கண்ணைக் கட்டும். மைலில் செல்போன், சூட்கேஸ், பரிசுக் கூப்பன் என்று வாங்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அதில் மைலின் மதிப்பு மிகக் குறைவு. நீண்ட பயணத்துக்கு பிசினஸ் வகுப்பு டிக்கெட்டாக மாற்றும்போதுதான் கொடுத்ததற்குச் சமமாக ஏதோ கிடைக்கிறது.

வீட்டாருக்கு எடுக்கலாமா என்பதைச் சேரும் முன்பே பாருங்கள். கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேரை நியமித்து வைத்து அவர்களுக்கு எடுக்கலாம். ஸ்கைவார்ட்ஸில் குடும்பத்தார் மைலை ஒரே பானையில் சேர்க்கலாம். பெற்றோருக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் அவர்கள் பெயரை முதலிலேயே, பாஸ்போர்ட்டில் இருக்கும்படி, ஏற்றிவிடுங்கள்.

ஒரு விமானத்தில் மைலுக்கென்று ஒதுக்கும் சீட் கொஞ்சம்தான். பள்ளி விடுமுறையில் அது முதலில் தீரும். பெரும்பாலான ஏர்லைன்கள் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே சீட்டைத் திறந்துவிடுகின்றன. மே மாதம் குடும்பத்தோடு போக வேண்டுமென்றால் முந்தைய ஆடியிலேயே உட்கார்ந்து தேடுங்கள். பொங்கலுக்குப் பிறகு பார்த்தால் செவ்வாய்க்கிழமை நள்ளிரவு விமானத்தில் நடு சீட் ஒன்று இருக்கும், அதுவும் ஒருவருக்கு.